எனக்குப் பொருந்தாத கையெழுத்து

1

என் மகள் இனியாவுக்குப் பத்து வயது. அவள் பள்ளியில் இது அரசியல் சட்ட வாரம். அதற்காக ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்க அதிபருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். அடியில் அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை டீச்சர் எல்லாக் கடிதங்களையும் ஒரே உறையில் போட்டு வாஷிங்டனுக்கு அனுப்பிவிடுவாராம்.

நாங்கள் இருப்பது ஓஹையோ மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். லேபிள் அச்சடிக்கும் இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனியில் எனக்கு வேலை. சிவகாசிப் பக்கத்துக்காரனுக்குக் கடல் தாண்டி வந்தும் லேபிள்தான் வாய்த்தது. நேற்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இனியா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, பிரசிடெண்ட்கூட சட்டத்துக்குக் கீழதான். தெரியுமா?"

"யாரு சொன்னா?"

"மிஸ் சொன்னாங்க. புக்லயும் இருக்கு. ஒருத்தர் தப்பு பண்ணா இன்னொருத்தர் ஸ்டாப் பண்ணுவாங்க. அதுக்குத்தான் கோர்ட்."

நான் சிரித்துவிட்டேன். அது நல்ல சிரிப்பு இல்லை. பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏன் சிரிக்கிறீங்க? நம்ம பிரசிடெண்ட்டும் ஃபாலோ பண்ணித்தான் ஆகணும்" என்றாள்.

"அவரு நம்ம பிரசிடெண்ட் இல்லம்மா. நாம இங்க வேலைக்கு வந்தவங்க."

"அப்போ நம்ம பிரசிடெண்ட் யாரு?"

டெல்லியில் இருப்பவர் என்றேன். பெயர் கேட்டேன், அவளுக்குத் தெரியவில்லை. மூன்று வயதில் வந்த பிள்ளை. இந்த ஊர் அதிபர்கள் பெயரை வரிசையாகச் சொல்வாள். காலையில் பள்ளியில் நெஞ்சில் கை வைத்து இந்த ஊர்க் கொடிக்கு உறுதிமொழி சொல்கிறாள். இவள் எந்த ஊர்ப் பிள்ளை என்று கேட்டால், எங்கள் விசா தாளில் ஒரு பதில் இருக்கிறது, அவள் வாயில் வேறொரு பதில் இருக்கிறது. எனக்கு இரண்டிலும் எரிச்சல்தான் வருகிறது.

பிறகு கடிதத்தைக் காட்டினாள். ஆங்கிலத்தில் குண்டு குண்டாக எழுதியிருந்தாள். அதன் சாரம் இதுதான்: எங்கள் அத்தை பெயர் மாரீஸ்வரி. இந்தியாவில் பட்டாசு கம்பெனியில் இறந்துபோனார். எங்கள் அப்பா கோர்ட்டில் அத்தைக்காகப் பேசப் போனார். நீங்கள் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டீர்கள். அதனால் அப்பா பேசாமலே திரும்பி வந்துவிட்டார். இது உங்களுக்குத் தெரியுமா?

படித்து முடிக்கும்போது என் காது சூடாகிவிட்டது. "இது வேண்டாம். பூங்காவுல பெஞ்சு வேணும்னு எழுது" என்றேன்.

"ஏன்? இது பொய்யா?"

"பொய் இல்ல. அதனாலதான் வேண்டாங்கறேன்."

என் விசாவைப் புதுப்பிக்கும் மனு போயிருக்கிறது. கடிதத்தின் தலையில் எங்கள் வீட்டு முகவரி இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளையின் வீட்டுப்பாடத்தை எந்த அதிகாரி பிரித்துப் படிக்கப் போகிறான் என்று என் மனைவி செல்வி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனாலும் நான் போடவில்லை. கடிதம் இப்போது குளிர்சாதனப் பெட்டியின் கதவில், ஒரு காந்த வில்லையின் கீழே, கையெழுத்துக் கோடு காலியாக நிற்கிறது. தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் கண்ணில் படுகிறது.

2

அக்காவைப் பற்றிச் சொன்னால்தான் இது உங்களுக்கு விளங்கும். எம். புதுப்பட்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் ஊர். அப்பா சுப்பையா காட்டு வேலைக்குப் போனவர், நான் பள்ளியில் படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு வீட்டைத் தூக்கி நிறுத்தியது மாரியக்காதான். அவள் பட்டாசு கம்பெனிக்குப் போனதால் நான் காலேஜுக்குப் போனேன். கல்யாணப் பேச்சு எடுத்தால் "மொதல்ல இவன் படிச்சு முடிக்கட்டும்" என்பாள். நான் முடித்தேன். சென்னையில் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, இனியாவும் பிறந்தாள். அக்காவின் கல்யாணம் அப்படியே நின்றுபோனது. அதைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை கிடையாது.

எட்டு வருஷத்துக்கு முந்தைய தீபாவளி சீசன். அக்கா அப்போது கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு சுப்புலட்சுமி அக்காதான் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சீசனில் ஒரு நாள் விடாமல் வந்தவர்களுக்குத்தான் முழு போனஸ். காய்ச்சல், சாவு என்று ஒருத்தி வர முடியாமல் போனால், கேட்டில் காட்ட வேண்டிய அவளுடைய டோக்கனை வாங்கிக்கொண்டு தங்கச்சியோ பக்கத்து வீட்டுக்காரியோ போய் உட்காருவாள். பதிவேட்டில் ஒருத்தி பெயர் இருக்கும். வெடிமருந்துக்கு முன்னால் இன்னொருத்தி இருப்பாள். ஃபோர்மேனுக்கு இது தெரியும். அவருக்குத் தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும், சாயங்காலம் லோடு கிளம்பினால் போதும்.

அன்று சுப்பக்கா மகளுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டோக்கனை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். நான் சென்னையிலிருந்து லீவில் வந்திருந்தேன். பைக்கில் அக்காவைக் கொண்டுபோய் கம்பெனி கேட்டில் இறக்கிவிட்டேன். ஃபோர்மேன் வாசலிலேயே நின்றார்.

"சுப்புலட்சுமிக்குப் பதிலா மாரியா? சரி தாயி, உள்ள போ. லோடு நிக்கி." பிறகு என்னைப் பார்த்து, "மெட்ராஸ்ல இருந்து எப்ப தம்பி வந்தீக?" என்றார்.

"நேத்துத்தான்" என்றேன். அக்கா திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். பதினோரு மணிக்குச் சத்தம் கேட்டது. அந்த அறையில் இருந்தவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. ஃபோர்மேனும் அங்கேதான் இருந்திருக்கிறார்.

பதிவேட்டில் அன்றைய தேதிக்கு சுப்புலட்சுமி வந்திருக்கிறாள் என்று இருந்தது. சுப்புலட்சுமியோ பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறாள். மாரீஸ்வரி என்ற பெயர் எந்தத் தாளிலும் இல்லை. கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள்: அந்தப் பெண் எங்கள் தொழிலாளி அல்ல, அனுமதி இல்லாமல் உள்ளே நுழைந்திருக்கிறார். வழக்கு என்று ஆனபிறகு, பதில் மனுவில் இன்னும் ஒரு வரியைச் சேர்த்தார்கள். வெடிமருந்தை எடுத்துச் செல்லும் நோக்கத்தோடு வந்திருக்கலாம் என்று.

நாசமாய்ப் போவார்கள். அந்த ஒரு வரியை அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன்.

3

அம்மா படிக்காதவள். வக்கீல் இழப்பீடு, வட்டி என்று விளக்கிக்கொண்டிருந்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள். "ஐயா, காசு வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். எம்மக திருட வரல, வேலைக்கு வந்தான்னு ஒரு தாளுல எளுதிக் குடுக்கச் சொல்லுங்க. அது போதும்."

வழக்கு முழுவதும் அந்த ஒரு வரிக்குத்தான். அம்மா அதற்காக ஏறாத படி கிடையாது. திங்கள்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கும் வரிசையில் நின்றாள். எங்கள் ஊரில் மனு எழுதிக் கொடுப்பவர் 'பெறுநர்' என்று ஆரம்பித்தால் தாசில்தாரில் தொடங்கி மேலே மேலே போய் ஜனாதிபதியில்தான் நிற்பார். அம்மா எல்லாருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினாள். டெல்லியிலிருந்து, உங்கள் மனு தகுந்த நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது என்று பதில் வந்தது. அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். "ஜனாதிபதிக்கே தெரிஞ்சுபோச்சுலே" என்று எனக்கு போனில் சொன்னாள். தெரிந்துபோனால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை.

வக்கீலுக்கு வேண்டியது சாட்சி. ஃபோர்மேனுக்குத் தெரிந்துதான் அக்கா உள்ளே போனாள் என்று சொல்ல ஆள் வேண்டும். உயிரோடு இருப்பவர்களில் அதைக் காதால் கேட்டவன் நான் ஒருவன்தான். டோக்கன் கொடுத்தவள் சுப்பக்கா. ஆனால் அவள் வாயைத் திறந்தால் அவளுடைய வேலை போகும், அதே கம்பெனியில் இருக்கும் அவள் புருஷன் வேலையும் போகும். ஆள் மாற்றி அனுப்பியதற்கு போலீஸ் கேஸ் வரும் என்று யாரோ பயமுறுத்தியும் வைத்திருந்தார்கள். ஏழு வருஷமாக அவள் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போனாள். ஒருதரம் நான் கோபத்தில் அவள் வீட்டுக்குப் போகக் கிளம்பினேன். அம்மா விடவில்லை. "அவகிட்ட ஒண்ணும் கேக்காதலே. மூணு பொட்டப்புள்ள வச்சிருக்கா."

ஆக, நான் சொல்ல வேண்டும். ஆனால் அமெரிக்காவுக்கு வந்துவிட்டேனே. இங்கிருந்தே வீடியோவில் சாட்சி சொல்ல மனுப் போட்டோம். அதற்குத் தூதரக அலுவலகத்தில் ஓர் அதிகாரி என் பக்கத்தில் உட்கார வேண்டும். அதற்கு ஒரு படிவம். அந்தப் படிவத்தில் என் பெயர் ஒரு மாதிரி இருந்தது, கோர்ட்டுத் தாளில் வேறு மாதிரி இருந்தது. ஊரில் நான் சு. கருப்பசாமி. இங்கே குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டதால் ஆபீசிலும் பேங்கிலும் என்னை சுப்பையா என்றுதான் கூப்பிடுகிறார்கள். சுப்பையா செத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அவருக்குப் பதிலாக நான் தினமும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். இருவரும் ஒரே ஆள் என்று சான்று கொண்டுவரச் சொன்னார்கள். சான்று வாங்கினேன், அதில் முத்திரை தெளிவாக இல்லை என்றார்கள். மறுபடி வாங்கினேன், அதற்குள் எதிர்த்தரப்பு வீடியோ சாட்சி கூடாது என்று எதிர்மனுப் போட்டுவிட்டது. இந்தக் கூத்தில் ஒன்றரை வருஷம் போனது.

கடைசியில் வக்கீல் போனில் கத்தினார். "தம்பி, புரட்டாசில ஒரு திங்கக்கெழம போட்டுருக்காக. நேர்ல வந்து கூண்டுல நில்லுங்க. இதுதான் கடைசி வாய்தா."

டிக்கெட் போட்டேன். செல்விக்கு வேலை, இனியாவுக்குப் பள்ளி. நான் மட்டும் போனேன்.

4

போன வருஷம் புரட்டாசி முதல் சனிக்கிழமை. மறுநாள் மகாளய அமாவாசை. அப்பாவுக்கும் அக்காவுக்கும் எள்ளும் தண்ணீரும் விட வேண்டும். அதற்கு மறுநாள் சாட்சி. வக்கீல் சொல்லிக்கொடுத்ததை ஒருதரம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டு காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். போன் அலற ஆரம்பித்தது.

செய்தி இதுதான். அமெரிக்க அதிபர் ஓர் உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டார். என்னைப் போல வேலை விசாவில் இருப்பவர்கள் வெளியிலிருந்து உள்ளே நுழைய வேண்டுமென்றால், கம்பெனி தலைக்கு ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும். சனிக்கிழமை ராத்திரி அமெரிக்காவில் பன்னிரண்டு அடித்ததும் அமலுக்கு வருகிறது. எங்கள் கம்பெனி வக்கீலின் மின்னஞ்சல் அடுத்து வந்தது. நாட்டுக்கு வெளியே இருப்பவர்கள் அதற்குள் எப்படியாவது வந்துவிடுங்கள் என்று.

எங்கள் கம்பெனி எனக்காக ஒரு லட்சம் டாலர் கட்டாது. ஒரு காபி இயந்திரம் வாங்கவே மூன்று மாதம் யோசிப்பவர்கள். செல்வி போனில் அழுதாள். "நீங்க அங்க மாட்டிக்கிட்டா நானும் புள்ளையும் என்ன பண்றது? வந்துருங்க. எப்படியாவது வந்துருங்க." அவர்கள் இருவரின் விசாவும் என் விசாவில் தொங்குகிறது.

அம்மா குளித்து நெற்றியில் நாமம் இட்டுக்கொண்டு வந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அமெரிக்கா பிரசிடெண்டு கையெளுத்துப் போட்டா ஒனக்கு என்னலே? நீதான் முத்திரை குத்தின தாளு வச்சிருக்கேல்ல?"

"அந்தத் தாளு செல்லாதுன்னு ஆயிரும்போலம்மா."

"நேத்து வரைக்கும் செல்லுச்சு. இன்னைக்கு ஒருத்தரு கையெளுத்துப் போட்டா செல்லாதா? அங்கன கோர்ட்டு கீர்ட்டு கெடையாதா?"

"இருக்கும்மா. கோர்ட்டு தடுத்தாலும் தடுக்கும். ஆனா அதுக்கு நாளாகும். நம்ம நேரத்துக்கு நாளைக்குக் காலைல ஒம்பதரைக்குக் கதவு சாத்திருவாக."

அம்மா ஈரக் கூந்தலை முடிந்துகொண்டாள். பிறகு, "திங்கக்கெழம சொல்லிட்டுப் போயேன்யா" என்றாள். கெஞ்சவில்லை. கூட ஒரு தோசை சாப்பிடு என்று சொல்லும் குரலில்தான் சொன்னாள்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நடை பழகும்போதே ஒன்று சொல்லிக் கொடுப்பார்கள். சத்தம் கேட்டால் நின்று பார்க்காதே, ஓடு. என்ன சத்தம், எங்கே என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். கம்பெனிப் பக்கம் அதிகாரிகள் ஜீப் வந்தாலும் அப்படித்தான். முறையாகப் பெயர் பதிந்த பெண்கள்கூட சோற்றுவாளியைத் தூக்கிக்கொண்டு முள்ளுக்காட்டுக்குள் ஓடுவார்கள். ஏன் ஓடினாய் என்று கேட்டால், எல்லாரும் ஓடினாக என்பார்கள். நான் காலேஜ் படித்தவன், ஏழு கடல் தாண்டியவன். அன்று காலையில் என் காலும் அதைத்தான் செய்தது. உத்தரவின் முழு வாசகத்தை நான் படிக்கவில்லை. எனக்குச் செய்தி அனுப்பியவர்களும் படிக்கவில்லை. மதியம் மதுரையிலிருந்து துபாய்க்கு ஒரு விமானம் இருந்தது. அதில் இடம் கிடைத்தது. அம்மா வாசலுக்கு வரவில்லை.

5

துபாயில் என்னைப் போலப் பலர் நின்றிருந்தார்கள். ஒருவர் அப்பாவின் திவசத்தைப் பாதியில் விட்டுவிட்டு வேட்டியோடு வந்திருந்தார். சிகாகோவில் இறங்கியபோது கெடுவுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. குடியேற்ற வரிசையில் நின்றேன். அதிகாரி என் கடவுச்சீட்டைப் புரட்டினார். எத்தனை நாள் வெளியே இருந்தீர்கள் என்று கேட்டார். ஒன்பது நாள் என்றேன். முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான். உத்தரவைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

போனைத் திறந்தேன். நான் வானத்தில் இருந்தபோது விளக்கம் வந்திருந்தது. இனிமேல் புதிதாக மனுப் போடுகிறவர்களுக்குத்தான் அந்தத் தொகை, ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது, அவர்கள் வழக்கம்போல வரலாம், போகலாம். கம்பெனி வக்கீலும் மன்னிப்புக் கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தார்.

அந்த இடத்திலேயே பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். திரும்பி ஓடினாலும் திங்கள் காலைக்குள் விருதுநகர் கோர்ட்டுக்குப் போய்ச் சேர முடியாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், இரண்டு முறை.

இனியா புத்தகத்தில் இருப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்த உத்தரவை எதிர்த்து இங்கே வழக்குகள் போட்டார்கள், வாதாடினார்கள். அதிபருக்கு இவ்வளவு அதிகாரம் உண்டா என்று நீதிபதிகள் கேட்கத்தான் செய்கிறார்கள். எங்கள் ஊரில் பஞ்சாயத்துத் தலைவரிடம் அப்படிக் கேட்க ஆள் கிடையாது. ஆனால் கையெழுத்துப் போட ஒரு நிமிஷம் போதும். அது சரியா என்று சொல்ல கோர்ட்டுக்கு மாதக்கணக்கில் ஆகும். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் நாட்களில்தான் என்னைப் போன்றவர்கள் குடித்தனம் நடத்துகிறோம். என் உரிமையை யாரும் பறிக்கவில்லை. அது பத்திரமாக என்னிடமே இருந்தது. இருக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியாமல் செய்துவிட்டார்கள், நான் ஓடிவிட்டேன். இதற்கு யார் மேல் வழக்குப் போடுவது? பயந்தவனுக்கு எந்தச் சட்டத்தில் இழப்பீடு இருக்கிறது?

6

திங்கள்கிழமை நடந்ததை வக்கீலும் அம்மாவும் போனில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

வக்கீல் எழுந்து அவகாசம் கேட்டிருக்கிறார். சாட்சி அவசரமாக அமெரிக்கா போய்விட்டார் என்றதும் எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்திருக்கிறார். ஏழு வருஷமாக இதே கதை, இனியும் அவகாசம் கொடுக்கக் கூடாது என்றிருக்கிறார். நீதிபதி அம்மாவைப் பார்த்து, வேறு சாட்சி யாராவது உண்டா என்று கேட்டிருக்கிறார். அம்மா இல்லை என்று தலையாட்டியிருக்கிறாள்.

பின்பெஞ்சிலிருந்து சுப்பக்கா எழுந்திருக்கிறாள். "நான் இருக்கேன்யா."

அவள் அங்கே எப்படி வந்தாள் என்று கேட்டேன். அம்மா சொன்னாள்: "நீ போனது ஊரெல்லாம் தெரிஞ்சுபோச்சுல்ல. காலைல பஸ்ஸுக்கு நிக்கேன், பக்கத்துல வந்து நிக்கா. துணைக்கு வாரேன்னா. ஏழு வருசத்துல அன்னைக்குத்தான் எம்மொகத்தப் பாத்தா. சாட்சி சொல்லப் போறேன்னு எங்கிட்ட ஒரு சொல்லு சொல்லல."

வக்கீல் அவசரமாக ஒரு மனு எழுதிக் கொடுத்து, மத்தியானமே அவளைக் கூண்டில் ஏற்றிவிட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கே குறுக்கே கேட்டார். அன்றைக்கு நீ வந்ததாகப் பதிவேட்டில் இருக்கிறதே, அப்படியானால் நீ பொய் சொல்கிறாயா, பதிவேடு பொய் சொல்கிறதா?

சுப்பக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு டோக்கனை எடுத்து மேஜை மேல் வைத்திருக்கிறாள். "எம் பளைய டோக்கன் மாரி கையோட வெந்துபோச்சுய்யா. அதுக்குப் பதிலா அடுத்த வாரம் கம்பெனில எனக்குக் குடுத்த புது டோக்கன் இது. நான் அன்னைக்கு வேலைக்கு வந்திருந்தா நானும் செத்திருப்பேன். நான் வரல, எம் டோக்கன் உள்ள போயிருக்கு. அத யாரு கொண்டுபோனா? டோக்கன் இல்லாம கேட்டுல விடுவாகளா? பளசு என்னாச்சுன்னு கேக்காம எனக்கு எதுக்குப் புது டோக்கன் குடுத்தாக?"

ஏழு வருஷமாக அந்த டோக்கனை வைத்துத்தான் அவள் தினமும் வேலைக்குப் போயிருக்கிறாள். மறுநாள் காலையில் அவளையும் அவள் புருஷனையும் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது தினமும் பஸ் ஏறி விருதுநகர் மிளகாய்க் கிட்டங்கிக்குப் போகிறாள். மிளகாய்க்குக் காம்பு கிள்ளும் வேலை. கை எரிச்சல் அடங்க ராத்திரி மோரில் கையை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம்.

பங்குனியில் தீர்ப்பு வந்தது. மாரீஸ்வரி நிர்வாகத்தின் அறிவோடு வேலை நிமித்தமாகவே உள்ளே சென்றிருந்தார் என்று எழுதியிருந்தது. கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறது, அது எத்தனை வருஷமோ. ஆனால் அம்மா கேட்ட வரி தாளில் ஏறிவிட்டது. போனில் என்னை நான்கு தடவை படிக்கச் சொன்னாள். நான்கு தடவையும் படித்தேன். அதே தாளில் கொஞ்சம் கீழே இன்னொரு வரி இருந்தது, அதை அவளுக்குப் படிக்கவில்லை. 'மனுதாரர் தரப்பில் முதலில் குறிப்பிடப்பட்ட சாட்சியான கருப்பசாமி வெளிநாடு சென்றுவிட்டபடியால் விசாரிக்கப்படவில்லை.'

அக்கா வழக்கில் என் பங்கு அந்த ஒரு வரிதான்.

7

இன்று வியாழக்கிழமை. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் சுப்பக்காவுக்கு போன் போட்டேன். அங்கே விடிந்திருந்தது. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். இந்த ஒரு வருஷத்தில் பலமுறை எண்ணை எடுத்திருக்கிறேன். பேசியதில்லை.

"ஏ கருப்பு, நல்லாருக்கியா? புள்ள நல்லாருக்கா?"

நல்லா இருக்கோம் என்றேன். அப்புறம், "என்னால ஒங்க வேல போச்சேக்கா" என்று மட்டும் சொன்னேன்.

"ஒன்னாலயா? நீ என்ன செஞ்ச? நீ ஓடிப்போனேன்னு எல்லாரும் பேசுனாக. நான் பேசலப்பா. நான் ஏழு வருசம் பயந்து கெடந்தவ, ஒன்னச் சொல்ல எனக்கு என்ன இருக்கு." பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. "ஆமா, அந்தப் பிரசிடெண்டு ஒன்னய வரக் கூடாதுன்னாரே, அப்புறம் என்ன சொன்னாரு?"

"அது எனக்கு இல்லைன்னு சொல்லிட்டாகக்கா."

"அட கொள்ளையில போவான்" என்றாள். யாரை என்று தெரியவில்லை. "சரி, பஸ் வந்துருச்சு. வச்சிரட்டா?"

போனை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனேன். கடிதத்தை எடுத்தேன். இனியா மேஜையில் உட்கார்ந்து ஒரு புதுத்தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். பூங்காவுக்குப் பெஞ்சு வேண்டும் என்று இரண்டு வரி எழுதியிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டிருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது.

"அதக் கிழிச்சுப் போடு. இதையே குடு" என்றேன்.

"ப்ராப்ளம் ஆகும்னு சொன்னீங்க?"

"ஆனா ஆகட்டும். ஒரு எடத்துல மட்டும் மாத்தணும். அப்பா பேசாம திரும்பி வந்துட்டார்னு எழுதியிருக்கேல்ல? அப்பா பயந்து திரும்பி வந்துட்டார், அப்பாவுக்குப் பதிலா சுப்புலட்சுமின்னு ஒரு அத்தை பேசினாங்கன்னு எழுது."

அவள் அழித்து எழுதினாள். சுப்புலட்சுமியை ஆங்கிலத்தில் எழுத மூன்று முறை முயன்றாள். பிறகு நான் கையெழுத்துக் கோட்டில் போட்டேன். ஆபீசிலும் பேங்கிலும் போடும் சுப்பையா கையெழுத்தை அல்ல. சு. கருப்பசாமி என்று தமிழில், முழுசாக, கோர்ட்டில் என் சாட்சியத்துக்கு அடியில் போட வேண்டியிருந்த மாதிரியே.

இனியா தாளை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். "என்னப்பா இது? ரிப்போர்ட் கார்டுல நீங்க வேற மாதிரிதானே போடுவீங்க. இது யார் சைன்னு மிஸ் கேட்பாங்க. செல்லாதுன்னு சொன்னா?"

"சொன்னா, எங்கப்பா நேர்ல வந்து சொல்வாருன்னு சொல்லு."